பேயுமில்லை, பிடிவாதமுமில்லை!

பேச்சு வராத சிறுவன் தன் கையைக் கடித்துக்கொண்டு கதறுகிறான். "பேய் பிடித்தது" என்கிறது மூடத்தனம். "முன்வினைப் பயன்" என்கிறது வைதிகம். "அடித்தால் அடங்குவான்" என்கிறது ஆணவம். ஏன் கதறுகிறான் என்று கேட்டவர் எவர்?

கேளாமையின் விலை யாது? 2001 ஆகஸ்டு 6, இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி. நேர்ந்தால் குணமாகும் என நம்பி அழைத்துவரப்பட்ட மனநோயாளர், காப்பகத்தில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். தீ சூழ்ந்தது, ஓட வழியில்லை, மடிந்தோர் 28 பேர்! சங்கிலி எரியவில்லை, தோழர்களே, மனிதர் எரிந்தனர்!

2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியிடுவதை எவ்வடிவிலும் தடுத்தது. ஏர்வாடிக் கொட்டகையாயினும், மயிலாப்பூர் மாடி வீடாயினும், ஊருக்கு அஞ்சிப் பிள்ளையைப் பூட்டிவைக்கும் அறையும் சங்கிலியே!

காரணமின்றிக் காரியமில்லை என்பது பகுத்தறிவின் அரிச்சுவடி. வாய் பேசாதவனுக்குக் கடித்தலே மொழி. பல்வலியா? இரைச்சலா? பசியா? காரணத்தைக் கண்டு சூழலை மாற்றுவோம். கேட்பதற்கு வேறு வழி கற்பிப்போம். கோட்டூர்புரம் வித்யாசாகரில் பேச இயலாதோர் படங்களைச் சுட்டித் தம் எண்ணத்தைச் சொல்கின்றனர். அங்கே மந்திரமுமில்லை, பிரம்புமில்லை.

"மாற்றுத்திறனாளி" என மதிப்புமிகு பெயர் சூட்டினார் கலைஞர். பெயர் மாறியது, பிரம்பு மாறவில்லையே! கொடுமையினின்றும் இழிவினின்றும் காப்பு அவர்தம் உரிமை என்கிறது 2016-ஆம் ஆண்டுச் சட்டம். நாம் கேட்பது இரக்கமன்று, அவ்வுரிமை.

கடவுளையே "ஏன்?" என்று கேட்கத் துணிந்த இளைஞர்காள்! கதறும் பிள்ளைக்காகவும் அக்கேள்வியைக் கேளுங்கள்!