வாடகை வீட்டுக் கருவிகள்

"எல்லாக் கருவியையும் விஎஸ் கோடுக்குள் கொண்டுபோய்விட வேண்டும் தாத்தா" என்கிறான் புரோகிராமர் பேரன். லாபம் உண்டு, மறுக்கவில்லை. தனி எடிட்டர் எழுத வேண்டாம். பயனரும் புதிதாகப் பழக வேண்டாம்.

ஆனால் அங்கே நீ வாடகைக்காரன். பிரெஞ்சுப் பள்ளியில் 'லொக்கத்தேர்' என்று படித்தோம்: சாவி அவனிடம், வீடு அவனுடையதல்ல. ஜூலியா மொழிக்கான ஜூனோ, ஆட்டம் என்ற எடிட்டருக்குள் குடியிருந்தது. 2020இல் அதன் குழுவினர் மூட்டை கட்டிக்கொண்டு விஎஸ் கோடுக்குப் போனார்கள். 2022 டிசம்பரில் ஆட்டமே மூடப்பட்டது.

குமாஸ்தாவாக நான் கற்றது ஒன்றுதான்: பீரோ யாருடையதாகவும் இருக்கட்டும், ஃபைல் தனிக்கட்டாக இருக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் 2016இல் வெளியிட்ட லாங்குவேஜ் சர்வர் புரோட்டோக்காலும் அதைத்தான் செய்கிறது. மூளை தனி சர்வரில். முகம் விம்மோ ஈமாக்ஸோ, எதுவானாலும் சரி.

குடிபோ, தம்பி. மூளையை மட்டும் வீட்டுக்காரனிடம் கொடுத்துவிடாதே.