கெளுத்தி மீனைக் கொல்லாத சல்லடை

"கண்ணால பார்த்துத் திருத்தினா போதாதா? புத்தகம் அச்சடிக்க எதுக்குல ஸ்க்ரிப்ட்டு?" என்று கேட்கிற மக்களுக்காக இது.

எங்க ஊர்ப் பெயரையே எடுத்துக்குங்க. கங்கைகொண்டான். இதில் வரும் 'கொ'வை யூனிகோடில் இரண்டு விதமாக வைக்கலாம். க-வோடு ஒகரக் குறி ஒன்று. அல்லது க, ஒற்றைக் கொம்பு, கால் என்று தனித்தனியாக. முதல் வகையில் ஊர்ப் பெயருக்கு 13 குறியீடுகள், இரண்டாவதில் 14. தாளில் துளி வித்தியாசம் தெரியாது. ஆனால் சொல்லடைவு தயாரித்தால் ஒரே ஊர் இரண்டு ஊராகிவிடலாம். இதை எந்தக் கண் கண்டுபிடிக்கும், சொல்லுங்க?

அதற்காக, கண்ணை மூடிக்கொண்டு 'எல்லாவற்றையும் மாற்று' பட்டனை அமுக்கும் கூட்டத்தோடும் எனக்குச் சண்டைதான். கௌரவத்தை ள போட்டு 'கெளரவம்' என்று அடிப்பது பரவலான பழக்கம். 'கெள' எல்லாவற்றையும் 'கௌ' ஆக்கினால் கௌரவம் பிழைக்கும், தாமிரபரணிக் கெளுத்தி செத்துப்போகும்! ள-வுக்குப் பின்னால் உயிர்க்குறியோ புள்ளியோ இருந்தால் தொடாதே என்று ஒரு விதி சேருங்க. கெளுத்தி, தெளிவு, வெள்ளம் எல்லாம் தப்பிக்கும்.

அடுத்தது, சல்லடையை எங்கே வைப்பது? எழுதியவரின் கோப்பில் ஓட்டி அதன் மேலேயே சேமிப்பது அநியாயம். டோனால்ட் நூத் 1978-ல் வெளியிட்ட டெக் அச்சுக்கோப்பு மென்பொருளின் வாரிசான லூவாடெக்கைப் பாருங்க. கோப்பின் ஒவ்வொரு வரியும் உள்ளே நுழையும் முன், நாம் லூவா மொழியில் எழுதிய குட்டி நிரலிடம் வரும்படி செய்யலாம். நிரல் திருத்திக் கொடுத்ததுதான் பக்கத்தில் ஏறும். மூலம் அப்படியே இருக்கும். விதி தப்பா? விதியை மாற்றி மறுபடி ஓட்டினால் முடிந்தது.

பி.காம். மக்களுக்கு இது புரியாதா என்ன? பேரேட்டில் பிழை வந்தால் திருத்தப் பதிவு போடுகிறோம். வவுச்சரைச் சுரண்டி எழுதுகிறோமா?

"யூனிகோடே எல்லாம் பார்த்துக்கும்" என்பார்கள். 'கொ' விஷயத்தில் சரிதான், இரண்டு வடிவமும் ஒன்றே என்று அதில் விதி இருக்கிறது. 'கெள' விஷயத்தில் கிடையாது. கௌரவம் எது, கெளுத்தி எது என்று வெளிநாட்டுக் குழு வந்து சொல்லாது. அந்த நாலு வரியைத் தமிழ் தெரிந்த நாமதான் எழுதணும்.