நாவலூரும் யந்திர புத்தியும்

செயற்கை நுண்ணறிவு என்னும் யந்திர புத்தியைப் பற்றியே இன்று தேசமெங்கும் பேச்சாயிருக்கிறது. ஒரு சாரார் அதனைக் கற்பக விருட்சமென்று கொண்டாடுகின்றனர். மற்றொரு சாரார் மனிதர் பிழைப்பைக் கெடுக்க வந்த பூதமென்று அஞ்சுகின்றனர். இவ்விரு சாராரும் ஒரு நாள் அந்திப் பொழுதில் நாவலூரில் பழைய மகாபலிபுரம் சாலையோரமாய் நின்று பார்ப்பார்களாயின், வாதம் சற்று நிதானத்துக்கு வருமென்பது நமது அபிப்பிராயம்.

ஒரு தலைமுறைக்கு முன் ஏரியும் வயலுமாயிருந்த ஊர் அது. வடக்கே சோழிங்கநல்லூரிலும் தெற்கே சிறுசேரி சிப்காட்டிலும் கணினிக் கம்பெனிகள் எழுந்த பின்னர், நிலத்தை அடகு வைத்துப் படிக்கவைக்கப்பட்ட குடியானவர் பிள்ளைகள் ஜில்லா ஜில்லாவாக அங்கே வந்து சேர்ந்தனர். அவர்களை அண்டி விடுதிக்காரரும், மெஸ் நடத்துவோரும், வாடகைக் கார் ஓட்டுவோரும், தண்ணீர் லாரிக்காரரும் பிழைக்கின்றனர். 2020-ல் கொரோனா நோயால் கம்பெனி வேலை வீட்டுக்குப் போனபோது, இச்சாலையின் விடுதிகள் பூட்டிக் கிடந்ததை நம் வாசகர் மறந்திருக்க மாட்டார்கள். அப்போது போனவர்கள் சம்பளத்தோடு போனார்கள்; திரும்பியும் வந்தார்கள்.

யந்திரம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. சர்க்கரை நோயால் விழித்திரை கெடுவதைப் படம் பார்த்தே கண்டறியும் யந்திரமொன்றைக் கூகிள் கம்பெனியார் பழக்கினர். தேர்ந்த கண் வைத்தியருக்கு ஈடாக அது குறி சொல்வதாக 2016-ல் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியாயிற்று. வைத்தியர் எட்டிப் பாராத கிராமத்தில் ஒரு கிழவியின் பார்வை இதனால் தப்புமானால், அதை வெறுப்பவன் மூடனே. ஆயினும் அந்த ஆராய்ச்சிக்குப் படம் தந்த இடங்களில் மதுரை அரவிந்த் மருத்துவமனையும் சென்னை சங்கர நேத்திராலயாவும் உண்டு என்பதை நாம் நினைவில் வைக்கவேண்டும். பொதுவில் கிடைத்த நிரல்களையெல்லாம் தின்று நிரல் எழுதப் பழகிய யந்திரங்களுக்கு, நம் இளைஞர் எழுதி வைத்தவையும் தீனியாயின. பஞ்சு இங்கிருந்து போய்த் துணியாகத் திரும்பிய கதை நமக்குப் புதிதன்று!

இவ்வியந்திரம் முதலில் எந்த வேலையைத் தொடுகிறது? சிறு நிரல் எழுதுதல், எழுதியதைச் சோதித்தல், வாடிக்கைக்காரரின் புகாருக்குப் பதில் சொல்லுதல் என்று, கல்லூரியிலிருந்து வந்த பையனுக்கும் பெண்ணுக்கும் கொடுத்து வந்த வேலைகளையே அது தொடுகிறது. கீழ்ப்படியை எடுத்துவிட்டால் பத்து வருஷம் கழித்து மேற்படிக்கு ஆள் எங்கிருந்து வருவான் என்பதற்கு நிர்வாகிகள் யாரும் இன்னும் திருப்தியான விடை சொல்லவில்லை. மேற்படியில் இருப்பவருக்கும் நிம்மதியில்லை. சிறுசேரியில் பெரிய வளாகம் வைத்திருக்கும் டாட்டா கன்ஸல்டன்ஸி கம்பெனியார், தம் ஊழியரில் சுமார் நூற்றுக்கு 2 பேரை, அதாவது 12,000-க்கு மேற்பட்டவரை, குறைக்கப்போவதாக 2025 ஜூலையில் அறிவித்தனர். பெரும்பாலும் இடைநிலை, மேல்நிலை உத்தியோகஸ்தர்களே குறைக்கப்படுவர் என்றார்கள். யந்திர புத்தி இதற்குக் காரணமன்று, அவரவர் திறமைக்குத் தக்க இடம் இல்லாமையே காரணம் என்று நிர்வாகம் விளக்கிற்று. அப்படியே இருக்கட்டும். வேலை இழந்தவன் வீட்டுக் கடனுக்குத் தவணை கட்டுவதற்கு இவ்விளக்கம் உதவாது.

இங்கேதான் சட்டத்தின் ஓட்டை தெரிகிறது. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பின்படி, 300 பேரோ அதற்கு மேலோ உழைக்கும் தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் ஆகியவற்றில் ஆட்குறைப்புச் செய்ய அரசின் முன் அனுமதி வேண்டும். கணினிக் கம்பெனியின் அலுவலகம் இம்மூன்றில் எதிலும் சேராது. முன்னிருந்த சட்டத்தில் வரம்பு 100 பேர். அதிலும் அலுவலகத்துக்கு இடமில்லை. ஆகவே ஆயிரம் பேர் உள்ள ஆலையின் முதலாளி அரசின் கதவைத் தட்டவேண்டும். பதினாயிரம் பேர் உள்ள அலுவலகத்தின் முதலாளிக்கு அந்தக் கட்டாயமில்லை. அதே சட்டம், குறைக்கப்படும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் 15 நாள் சம்பளத்தை மறுபயிற்சி நிதிக்கு முதலாளி செலுத்தவேண்டுமென்றும் சொல்கிறது. நல்ல ஏற்பாடே. ஆனால் இத்தொழிலில் ஆட்குறைப்பு என்ற பெயரே வாராதபடி, ராஜிநாமா எழுதித் தரும்படி கேட்கப்படுவதாக ஊழியர் சங்கத்தார் முறையிட்டு வருகின்றனர். தானே விலகியவனுக்கு நிதியேது, நஷ்டஈடேது?

சங்கம் என்றதும் முகஞ்சுளிக்கும் பட்டதாரிகளுக்கு ஒரு வார்த்தை. 1918-ல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர் வாடியா, திரு.வி.க. முதலியோரைத் துணைக்கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கத்தை அமைத்தபோது, அவர்களுக்கும் காப்புச் சட்டம் எதுவும் இருக்கவில்லை. ஆலை முதலாளிகள் நியாயஸ்தலத்தில் தடையுத்தரவு பெற்றார்கள். அந்த வழக்கு கிளப்பிய கிளர்ச்சியின் பயனாகவே 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது. கணினி ஊழியரும் சங்கம் அமைக்கலாமென்று தமிழ்நாடு அரசின் தொழிலாளர் துறை 2016-லேயே தெளிவுபடுத்திவிட்டது. கழுத்தில் அடையாள அட்டை தொங்குவதால் தாம் தொழிலாளியல்லர் என்று எண்ணும் மயக்கம் இன்னும் எத்தனை நாளைக்கு?

தொழிலாளர் விஷயம் மத்திய, மாநில அரசுகள் இரண்டுக்கும் பொதுவானது. ஜனாதிபதியின் சம்மதத்தோடு மாநிலம் தன் எல்லைக்குத் தக்க திருத்தம் செய்துகொள்ள அரசியல் சட்டம் இடந்தருகிறது. எனவே 300 பேருக்குக் குறையாத அலுவலகங்களுக்கும் முன் அனுமதி விதியை விரிக்கவும், நிர்வாகம் கேட்டு வாங்கிய ராஜிநாமாவை ஆட்குறைப்பாகவே கொள்ளவும், யாரை நீக்குவதென்று யந்திரம் ஜாபிதா தயாரித்துக் கொடுக்குமிடத்தில் பொறுப்புள்ள ஓர் உத்தியோகஸ்தர் காரணமெழுதிக் கையொப்பமிடச் செய்யவும், சட்டசபையின் அடுத்த கூட்டத்திலேயே மசோதா கொண்டுவருமாறு அரசாங்கத்தை வற்புறுத்துகிறோம். சாலையோரத்துத் தொகுதிகளின் பிரதிநிதிகள் கட்சி பாராமல் இதனை எழுப்புவார்களென்று எதிர்பார்க்கிறோம்.