வளர்ப்புத் தட்டும் கலாநிதிப் பட்டமும்

ஆய்வு என்பது செல்வந்த நாடுகளின் வேலை. அவர்கள் கண்டறிந்தவற்றைப் பிழையின்றிக் கையாளக் கற்றுக்கொண்டாலே நமக்குப் போதும் என்று கூறும் அறிஞர்கள் நம்மிடையே இன்றும் உளர். அவர்களை எதிர்த்து, ஆய்வு வேண்டும் என வாதிடுவோரிலும் பலர் வெளிநாட்டுச் சஞ்சிகைகளில் அச்சேறும் கட்டுரைகளின் தொகையையே ஆய்வென எண்ணி மயங்குகின்றனர். இவ்விரு சாராரும் ஒருவரையொருவர் ஏசிக்கொண்டாலும் ஒரு விடயத்தில் உடன்பட்டே நிற்கின்றனர். மாவட்ட வைத்தியசாலையின் ஆய்வுகூடத்தில் நாளாந்தம் நடைபெறும் வேலை வெறும் கைவேலை, அது அறிவுத்துறையைச் சேர்ந்ததன்று என்பது இவர்களது துணிபு. அத்துணிபை நாம் முற்றாக மறுக்கிறோம். மறுப்பதற்கு ஒரேயொரு கிருமியின் வரலாறு போதும்.

1911 ஆம் ஆண்டில், ஆங்கிலேயர் ஆட்சியிலிருந்த இரங்கூனில், அல்பிரட் விற்மோர் என்ற நோயியலாளரும் அவருடைய உதவியாளர் சி. எஸ். கிருஷ்ணசுவாமியும் பிணப் பரிசோதனை செய்துகொண்டிருந்தனர். மோர்பியாவை ஊசியால் ஏற்றி உடல் நைந்துபோன ஏழைகளின் சடலங்களிலே, அதுவரை எவரும் விவரித்திராத ஒரு பற்றீரியாவை அவர்கள் கண்டனர். 1912 இல் வெளிவந்த அறிக்கையில் இருவர் பெயரும் இருந்தன. நோய்க்கு வழங்கிய பெயரோ விற்மோர் நோய்! உதவியாளன் பெயர் உதிர்ந்துபோவது ஆய்வுகூடங்களின் பழைய வழக்கம். அவ்வழக்கம் இரங்கூனோடு முடிந்துவிட்டதென எவரும் சொல்லத் துணியார். மெலியொய்டோசிஸ் என இன்று அழைக்கப்படும் அந்நோய் 1927 இல் இலங்கையிலும் பதிவாயிற்று. நோயாளி ஓர் ஐரோப்பியர். அதன்பின் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில பதிவுகளே வந்தன.

நோய் நாட்டைவிட்டுப் போய்விட்டதா? இல்லை. அக்கிருமி சேற்றிலும் நீரிலும் வாழ்வது. காலில் பட்ட சிறு காயத்தினூடே கமக்காரனின் உடலுக்குள் நுழைவது. நீரிழிவு உள்ளவனை எளிதில் வீழ்த்துவது. நுரையீரலைத் தாக்கினால் கசநோய் போலத் தோன்றும். ஈரலிலும் மண்ணீரலிலும் சீழ்க்கட்டியாகும். குருதியிற் பரவினால் சில நாட்களில் உயிரையும் கவரும். இத்தனை வேடம் போடும் நோயைக் கண்ணால் பார்த்துச் சொல்ல எந்த வைத்தியராலும் இயலாது. குருதியையோ சீழையோ வளர்ப்புத் தட்டில் இட்டுப் பார்த்தல் வேண்டும். தட்டிலும் அது அவசரமாக முளைப்பதில்லை. முதல்நாள் ஏதுமில்லை என்று தட்டை எறிந்துவிட்டால் நோயும் அதனோடு எறியப்படும். முளைத்தாலும், சூழலிலிருந்து தவறி விழுந்த பயனற்ற கிருமி என்று ஒதுக்கப்படுவது பல நாடுகளிலும் நடந்த கதை. ஜென்டாமைசின் என்னும் வழமையான மருந்துக்கு அது பெரும்பாலும் அசையாது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். தட்டைத் தவறாக வாசித்தால் நோயாளிக்குத் தவறான மருந்தே போய்ச் சேரும்.

2006 முதல் கொழும்பு மருத்துவ பீடத்தின் நுண்ணுயிரியலாளர் இதனைத் தேடத் தொடங்கினர். ஐயத்துக்குரிய கிருமிகளை வைத்தியசாலை ஆய்வுகூடங்கள் அனுப்பின. அரிதென்று கருதப்பட்ட நோய் பல மாகாணங்களிலிருந்தும் நூற்றுக்கணக்கில் வெளிப்பட்டது. கமக்காரர் பலர் அதற்கு இரையாகியிருந்தனர். புதிய கிருமி எதுவும் இறக்குமதியாகவில்லை. பார்க்கும் கண் பயின்றது, அவ்வளவே. இதனை ஆய்வென்று கொள்ளாதவர் வேறெதனை ஆய்வென்பர்? பிறர் கண்டதைக் கையாண்டால் போதும் என்போரையும் கேட்கிறோம்: நம் வயலில் என்ன இருக்கிறது என்பதைப் பிறர் வந்தா கண்டு சொல்வர்?

தாய்லாந்தின் வடகிழக்கில், நெற்செய்கையாளர் வாழும் வறிய பகுதியில், உபோன் ராச்சத்தானி என்னும் மாகாண நகரம் உண்டு. அந்நகர வைத்தியசாலையில் நடைபெற்ற ஒப்பீட்டுச் சோதனையொன்று, செஃப்டாசிடிம் என்னும் மருந்து இந்நோயால் நேரும் மரணத்தைப் பாதியாகக் குறைக்கும் எனக் காட்டிற்று. 1989 இல் லான்செற் சஞ்சிகை அதனை வெளியிட்டது. ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தினரின் பங்கும் அதில் இருந்ததை மறைக்கத் தேவையில்லை. நோயாளி கிடந்த இடத்திலேயே கேள்வி பிறந்தது, விடையும் அங்கேயே பெறப்பட்டது என்பதே நாம் சுட்டுவது.

இன்னொரு காட்சியையும் பாருங்கள். ஐக்கிய அமெரிக்கா இதே கிருமியை, உயிரியல் ஆயுதமாகத் தீயோர் கையில் சிக்கக்கூடிய கொடிய கிருமிகளின் பட்டியலில் வைத்திருக்கிறது. உலகில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 89,000 பேர் இந்நோயால் இறக்கக்கூடும் என 2016 இல் ஆய்வாளர் மதிப்பிட்டனர். அந்த மரணங்களைவிட, நிகழாத தாக்குதலொன்றின் அச்சமே செல்வந்த நாடுகளின் பணப்பையை எளிதில் திறக்கவல்லது. அந்தப் பையைப் பார்த்து நம் மாணவர் தமது ஆய்வுப் பொருளைத் தெரிவு செய்வராயின் குற்றம் மாணவருடையதன்று. வேறு பையை அவர்களுக்கு நாம் காட்டவில்லை.

பேராதனை, யாழ்ப்பாணம் முதலிய பல்கலைக்கழகங்கள் மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானத்தில் பட்டம் வழங்குகின்றன. இலவசக் கல்வியின் பயனாய் அங்கே கற்கும் கமக்காரரின் மக்கள் பட்டப்பின் படிப்பை நாடும்போது, தம் தந்தையர் இறங்கும் வயலின் சேறே அவர்களுடைய ஆய்வேட்டின் பொருளாகலாகாதா? மாவட்ட ஆய்வுகூடத்தில் பத்தாண்டு வேலை செய்த தொழினுட்பவியலாளர், கையிலுள்ள வேலையை இழக்காமலும் சம்பளத்தை இழக்காமலும் முதுமாணிப் பட்டத்துக்கும் அப்பாலும் செல்ல வழி வேண்டும் என நாம் கோருகிறோம். அவர் கண்டெடுக்கும் கிருமிகள் இந்நாட்டின் உறைகலங்களிலேயே பேணப்படல் வேண்டும். வெளிநாட்டாருடன் கூட்டுச் சேர்வதை நாம் வெறுக்கவில்லை. மாதிரி மட்டும் விமானமேறி, பெயரும் முடிவும் அங்கேயே தங்கிவிடும் கூட்டைத்தான் வெறுக்கிறோம்.

பணமில்லை என்ற மறுமொழி வரும் என்பதை அறிவோம். தட்டை மேலும் சில நாள் சூடேற்றியில் வைத்திருப்பதற்கும், ஒட்சிடேசுச் சோதனையொன்றைச் செய்வதற்கும், ஐயம் தோன்றினால் பெரிய ஆய்வுகூடத்துக்கு அனுப்புவதற்கும் எவ்வளவு செலவாகும் என்ற கணக்கை முதலில் வெளியிடட்டும். பெரும்போக மழையோடு கமக்காரர் சேற்றில் இறங்கும் மாதங்களுக்கு முன்னரே அக்கணக்கு வெளிவரல் வேண்டும்.