பக்கத்து மேசைக்குக் கோப்பு போகவில்லை என்றால் பழி யார் மேல்?

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். கணினி என்றாலே "அதெல்லாம் எனக்கு எதுக்குப்பா" என்று தள்ளிப்போகிற என் அக்கா, மாமா வகையறாவும் முதல் நாலு பத்தியையாவது படிக்கவும். விஷயம் பிள்ளைகளின் சான்றிதழ் சம்பந்தப்பட்டது.

நம் ஏற்காட்டு மலையில் ஒரு பள்ளி. பெயர் வேண்டாம். அலுவலகத்தில் விண்டோஸ் 11 போட்ட புதுக் கணினி. ஆய்வகத்தில் லினக்ஸ் போட்ட பழைய கணினிகள். நூலகத்தில் முன்னாள் மாணவர் ஒருவர் அன்பளிப்பாகத் தந்த ஆப்பிள் மடிக்கணினி. மூன்றும் ஒரே சுவிட்சில்தான் சேருகின்றன. உதவித்தொகை விண்ணப்பக் காலத்தில் சாதிச் சான்று, வருமானச் சான்று, வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம் எல்லாவற்றையும் ஆய்வகத்தில் ஸ்கேன் செய்து லினக்ஸ் கணினியின் பொதுக் கோப்புறையில் போடுவார்கள். அலுவலகத்து விண்டோஸ் அங்கிருந்து எடுத்துப் பதிவேற்றும். நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் விண்டோஸ் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. மறுநாள் கோப்புறை திறக்கவில்லை.

கீழே சேலத்திலிருந்து ஒரு தம்பி பைக்கில் வந்தார். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த களைப்பு பாவம். அரை மணி நேரத்தில் முடித்துவிட்டார். பழைய எஸ்.எம்.பி. முதல் பதிப்பை உயிர்ப்பித்தார், ஃபயர்வாலை அணைத்தார், கடவுச்சொல் இல்லாத விருந்தாளிகளை உள்ளே விடும்படி மாற்றினார், கோப்புறையில் "எல்லோருக்கும் முழு அனுமதி" கொடுத்தார். "வேலை செய்யுதுங்க" என்று சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டு இறங்கினார்.

வேலை செய்தது என்னவோ உண்மை. அதுதான் என் வருத்தம். அந்தக் கோப்புறையில் இருப்பது மலைக் கிராமத்துப் பிள்ளைகளின் சான்றிதழ்கள். பல வீடுகளில் அந்தப் பிள்ளைதான் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள். ஒரு சாதிச் சான்றுக்கு அப்பன்காரன் எத்தனை நாள் கூலியை விட்டுவிட்டுத் தாலுகா அலுவலகத்துக்கு அலைந்திருப்பான் என்று எனக்குத் தெரியும். அதை இப்போது அந்த வலைப்பின்னலில் செருகப்படும் எந்த மடிக்கணினியும், வைஃபையில் சேரும் எந்தக் கைப்பேசியும் பார்க்கலாம், மாற்றலாம், அழிக்கலாம். கதவு திறக்கவில்லை என்று கேட்டால் கதவையே கழற்றி வெளியே வைத்துவிட்டுப் போவது பழுது பார்ப்பது ஆகுமா?

அந்த எஸ்.எம்.பி. முதல் பதிப்பு என்ன என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக. ஒரு கணினி இன்னொன்றின் கோப்புறையைத் திறக்கப் பேசும் மொழி எஸ்.எம்.பி. 1980களில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பிறந்தது, பிறகு மைக்ரோசாஃப்ட் வளர்த்தது. அதன் முதல் பதிப்பில் இருந்த ஓட்டையைப் பிடித்துக்கொண்டுதான் 2017 மே 12 அன்று வான்னாக்ரை என்ற தீநிரல் உலகம் முழுக்கப் பரவியது. இங்கிலாந்தில் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. பக்கத்தில் ஆந்திரக் காவல்துறையின் கணினிகள் சிலவும் மாட்டின. யாரும் எந்த இணைப்பையும் சொடுக்கத் தேவைப்படவில்லை, ஒரு கணினியிலிருந்து பக்கத்துக் கணினிக்குத் தானாகவே தாவியது. ஓட்டையை அடைக்கும் மருந்தை மைக்ரோசாஃப்ட் அதே மார்ச்சிலேயே கொடுத்திருந்தது, போட்டுக்கொள்ளாதவர்கள்தான் அகப்பட்டார்கள். அந்த ஆண்டின் கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பு முதல் அந்தப் பழைய பதிப்பை இயல்பாக நிறுவுவதையே விட்டுவிட்டார்கள். லினக்ஸ் பக்கம் இதே வேலையைச் செய்யும் சாம்பா மென்பொருளும் 2019இல் வந்த 4.11 பதிப்பிலிருந்து அதை மூடியே வைத்திருக்கிறது. இரண்டு பக்கமும் பூட்டியதை நம் தம்பி மெனக்கெட்டுத் திறந்திருக்கிறார். அதுவும் தேவையே இல்லாமல்.

தேவை இல்லை என்று ஏன் சொல்கிறேன்? விண்டோஸ் 11இன் 24எச்2 புதுப்பிப்பு, கடவுச்சொல் கேட்காத விருந்தாளிக் கோப்புறைகளை இனித் திறக்கமாட்டேன் என்கிறது, குறைந்தபட்சம் அலுவலகங்களில் இருக்கும் புரோ பதிப்பில். பேசுகிற ஒவ்வொரு சொல்லுக்கும் கையொப்பம் வேண்டும் என்றும் கேட்கிறது. விருந்தாளிக்குக் கடவுச்சொல் கிடையாது, ஆகவே கையொப்பமும் போட முடியாது. பள்ளியின் லினக்ஸ் கோப்புறை ஆரம்பத்திலிருந்தே விருந்தாளிக் கோப்புறை. அவ்வளவுதான் கோளாறு. லினக்ஸ் பக்கம் "அலுவலகம்" என்று ஒரு பயனரை உருவாக்கி, சாம்பாவுக்கென்று ஒரு கடவுச்சொல் கொடுத்தால் தீர்ந்தது. பத்து நிமிட வேலை. லினக்ஸில் உள்ளே நுழையும் கடவுச்சொல் வேறு, சாம்பா தன் தனிப் பேரேட்டில் வைத்திருக்கும் கடவுச்சொல் வேறு என்பது மட்டும் தெரிந்திருக்க வேண்டும். இது தெரியாமல் "கடவுச்சொல் சரியாத்தான் போடுறேன், ஏத்துக்க மாட்டேங்குது" என்று மண்டையை உடைத்துக்கொண்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எதிர்ப்பக்கமும் இப்படி ஒன்று உண்டு. லினக்ஸிலிருந்தோ ஆப்பிளிலிருந்தோ விண்டோஸ் கோப்புறையைத் திறக்கும்போது, தினமும் விண்டோஸைத் திறக்கும் நாலு இலக்கப் பின் எண்ணைப் போடுவார்கள். அது அந்த இயந்திரத்துக்கு மட்டுமான எண். வலைப்பின்னல் கேட்பது கணக்கின் உண்மையான கடவுச்சொல்லை. கணக்குக்குக் கடவுச்சொல்லே வைக்கவில்லையா? வெளியிலிருந்து யாரையும் அந்தப் பெயரில் உள்ளே விடவே விடாது.

வகுப்பில் நான் அடிக்கடி சொன்னது சிலருக்கு ஞாபகம் இருக்கும்: பட்டியலில் காணோம் என்றால் ஊரில் இல்லை என்று அர்த்தம் இல்லை. விண்டோஸில் "நெட்வொர்க்" என்று திறந்தால் தெரியும் படங்களை வைத்தே பாதிப் பேர் முடிவு கட்டிவிடுகிறார்கள். பழைய காலத்தில் அந்தப் பட்டியல் எஸ்.எம்.பி. முதல் பதிப்பை நம்பி இருந்தது. இப்போது வேறு முறை, அந்த முறையில் சாம்பா தானாகக் குரல் கொடுக்காது. அதற்கு டபிள்யூ.எஸ்.டி.டி. என்று ஒரு சின்ன நிரலைத் தனியாகப் போட வேண்டும். போடாவிட்டாலும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்கோடு போட்டு 192.168.1.10 என்பது போல அந்தக் கணினியின் எண்ணை அடித்தால் நேராகத் திறக்கும். ஆகவே முதலில் சுவிட்சில் விளக்கு எரிகிறதா, பிறகு பிங் போகிறதா, பிறகு எண்ணை அடித்தால் பெயர் கேட்கிறதா, பெயர் கொடுத்தபின் எந்த இடத்தில் தடுக்கிறது என்று ஒவ்வொரு படியாக ஏறிப் பார்க்க வேண்டும். நாகலூருக்குப் போகும் பஸ் வரவில்லை என்றால் டிரைவர் வீட்டுக் கதவையா முதலில் தட்டுவோம்? பிங் போகிறது, கோப்புறை மட்டும் வரவில்லை என்றால், விண்டோஸ் அந்த வலைப்பின்னலைப் "பொது" என்று குறித்து வைத்திருக்கிறதா பாருங்கள். "தனிப்பட்டது" என்று மாற்றினால் போதும், ஃபயர்வாலைத் தொடவே வேண்டாம்.

பெரும்பாலான பள்ளிகளில் இந்தக் கட்டம் வந்ததும் ஒரு தீர்ப்பு சொல்லப்படும்: "லினக்ஸாலதான் பிரச்சினை, தூக்கிட்டு விண்டோஸ் போட்டுடுங்க." இது எனக்குக் கோபம் வரும் இடம். மேல்நிலை வகுப்பில் ஸ்டார் ஆபீஸ் படித்த தலைமுறை நீங்கள். 2007ஐ ஒட்டி எல்காட் வழியாகச் சூசே லினக்ஸ் பள்ளிகளுக்குள் வந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸும், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தன. இரண்டு உலகத்தையும் பார்த்த பிள்ளைகள் இந்த மாநிலத்தில் இலட்சக்கணக்கில் இருக்கிறார்கள். கொள்கை நல்ல கொள்கை, இன்றும் சொல்வேன். ஆனால் இயந்திரத்தை வாங்கிக் கொடுத்தவர்கள், அவை ஒன்றோடொன்று பேச யார் பார்த்துக்கொள்வது என்பதற்கு ஆளும் வைக்கவில்லை, அரைப்பக்கக் குறிப்பும் தரவில்லை. வீட்டுக்கு மருமகளைக் கூட்டி வந்துவிட்டு அறிமுகம்கூடச் செய்யாமல் விட்ட கதைதான்.

ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்ற ஆஸ்திரேலியரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கான்பெராவில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது, 1990களின் தொடக்கத்தில், சாம்பாவை எழுதத் தொடங்கியவர் அவர். விண்டோஸ் உலகம் தன் மொழிக்கு முழு இலக்கணம் தரவில்லை. இரண்டு கணினிகள் வலைப்பின்னலில் பேசுவதை ஒட்டுக்கேட்டு, இது கேட்டால் அது வருகிறது என்று குறித்துக்குறித்துக் கற்றுக்கொண்டார். பாஷை தெரியாத ஊரில் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, பக்கத்து மேசைக்காரர் என்ன சொன்னால் என்ன வருகிறது என்று பார்த்துக் கற்பது போல என்று அவரே விளக்கியிருக்கிறார். கடைசியில் ஐரோப்பிய ஆணையம் 2004இல் மைக்ரோசாஃப்டுக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லி, அது 2007 செப்டம்பரில் நீதிமன்றத்தில் உறுதியாகி, அந்த டிசம்பரில்தான் சாம்பாக் குழுவுக்கு ஆவணங்கள் கைக்கு வந்தன. ஆக லினக்ஸுக்குப் பேசத் தெரியாததல்ல, பேச விடாமல் வைத்திருந்ததுதான் பழைய வரலாறு. இன்று அந்தச் சாக்கும் இல்லை.

நம் தமிழுக்கென்றே ஒரு தனித் தொல்லை உண்டு. இதை எந்தக் கையேட்டிலும் சரியாகச் சொல்லிப் பார்த்ததில்லை, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். கோப்புக்குத் தமிழில் பெயர் வைப்பது நல்லது, வையுங்கள். ஆனால் "கோவிந்தன்" என்பதில் உள்ள ஓகாரக் குறியை யுனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பும் காலும் எனத் தனித்தனி இரண்டு குறியாகவும் எழுதலாம். ஒகரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே கதை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆப்பிளின் பழைய கோப்பு முறை பெயரை எப்போதும் பிரித்தே வைத்தது, லினக்ஸ் கொடுத்ததை அப்படியே வைக்கிறது. ஆகவே நூலகத்து ஆப்பிளிலிருந்து பென் டிரைவ் வழியாக வந்த "கோவிந்தன்" ஒன்று, அலுவலகத்தில் தட்டச்சு செய்த "கோவிந்தன்" ஒன்று என்று ஒரே கோப்புறையில் இரண்டு கோப்புகள் நிற்கும். தேடினால் ஒன்றுதான் கிடைக்கும். பெயரில் ஒகரம் ஓகாரம் இல்லாத பிள்ளைகளுக்கு மட்டும் எல்லாம் ஒழுங்காக நடப்பதை முதலில் பார்த்தபோது நானே சிரித்துவிட்டேன்.

நீளமும் ஒரு சிக்கல். லினக்ஸில் கோப்புப் பெயருக்கு 255 பைட் எல்லை. ஒரு தமிழ்க் குறிக்கு அங்கே மூன்று பைட், "கோ" என்ற ஓர் எழுத்துக்கே ஆறு. விண்டோஸ் அப்படிக் கணக்கிடுவதில்லை, 255 குறிகள்வரை தாங்கும். விண்டோஸில் "பதினொன்றாம் வகுப்பு ஆ பிரிவு மாணவர்களின் வருமானச் சான்று நகல்கள் இறுதிப் பட்டியல் திருத்தியது" என்று சாவகாசமாகப் பெயர் வைத்துவிட்டு லினக்ஸுக்கு அனுப்பினால் பெயர் நீளம் என்று திருப்பிவிடும். லினக்ஸ்காரர்கள் தங்கள் பங்குக்குப் பெயரில் முக்காற்புள்ளியும் கேள்விக்குறியும் போடுவார்கள். விண்டோஸ் அதை ஏற்காது, சாம்பா அலை வளைவுக் குறியோடு புரியாத ஒரு குட்டிப் பெயர் வைத்துக் காட்டும். சேர்க்கை எண்ணை முன்னால் போட்டு அடுத்துப் பிள்ளையின் பெயரை மட்டும் வைத்தால் இந்த வம்பெல்லாம் பாதி ஓயும்.

"எதுக்கு சார் இவ்வளவு? டிரைவில் போட்டுடலாமே" என்று சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் என் மாணவர்கள் கேட்கிறார்கள். கண்ணு, நீங்கள் இருக்கும் ஊரில் சரி. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது. அப்படி ஒரு நாள் வேண்டியதுகூட இல்லை, காற்றில் ஒரு சில்வர் ஓக் கிளை கம்பி மேல் விழுந்தாலே இங்கே இணையம் போய்விடும். அப்போதும் ஆய்வகத்துக்கும் அலுவலகத்துக்கும் நடுவே ஐம்பது அடி கம்பி இருக்கத்தான் செய்கிறது. ஐம்பது அடியில் இருக்கும் கோப்பை எடுக்க வெளிநாட்டுச் சர்வர் வரை போய்வருவது என்ன நியாயம்? இணையம் இல்லாவிட்டால் பென் டிரைவ் கிளம்பும். ஊரில் உள்ள வைரஸெல்லாம் அதில்தான் பயணம் செய்கிறது. இன்னும் மோசம், சான்றிதழை வாட்ஸ்அப் குழுவில் போடுவார்கள். டிரைவில் ஒரு நகல் இருக்கட்டும், மறுக்கவில்லை. மூலம் பள்ளிக்குள்ளேயே, ஒரு பூட்டோடு இருக்க வேண்டும்.

தலைமையாசிரியரிடம் பேசிவிட்டேன், அவருக்கும் சம்மதம். வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அந்தப் பள்ளியில் பழைய பதிப்பை மூடி, ஃபயர்வாலைப் போட்டு, அலுவலகத்துக்கும் ஆய்வகத்துக்கும் தனித்தனிப் பயனர் வைத்துக் கொடுக்கப் போகிறோம். 2012, 2013 காலத்து அரசு மடிக்கணினி யார் வீட்டுப் பரணிலாவது தூங்கினால், பேட்டரி போயிருந்தாலும் பரவாயில்லை, எடைக்குப் போடாமல் கொண்டு வாருங்கள். நகல் வைக்க ஒன்று தேவைப்படுகிறது. எட்டுத் துளை சுவிட்ச் ஒன்றும் வேண்டும். பேருந்து நிலையத்திலிருந்து பள்ளிக்கு வழி தெரியாதவர்கள் கமெண்டில் கேட்காமல் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பவும். காப்பி நம் வீட்டில்.