கை ஒன்றுக்குக் கமிஷன் எவ்வளவு?

சனிக்கிழமை சாயங்காலம் சம்பளக் கவர் போடுவது என் வேலை. திருப்பூர் பி.என். ரோட்டை ஒட்டிய சந்தில் நாற்பது மெஷின் ஓடும் ஜாப் ஒர்க் யூனிட். இருபத்திரண்டு வருஷமாக அங்கே கணக்கு எழுதுகிறேன். 2025 தீபாவளி போனஸ் கொடுத்த ஈரம் காய்வதற்குள், ஓவர்லாக் அடிக்கும் தம்பி ஒருவர் புதன்கிழமை அட்வான்ஸ் கேட்டு வந்து நின்றார். அடுத்த வாரமும் வந்தார். மூன்றாவது வாரம் உட்காரவைத்து விசாரித்தேன்.

"ரம்மி இல்லீங்ண்ணா, அதைத்தான் நிறுத்திட்டாங்களே. இது பிளாக்ஜாக். இதுல திறமைதான் முக்கியம். சூத்திரமே இருக்குதுங்க" என்று போனில் கலர் கலராக ஓர் அட்டவணையைக் காட்டினார்.

அவர் சொன்னது பொய்யில்லை. சூத்திரம் இருக்கிறது, அதை அவர் சரியாகவே படித்திருந்தார். அப்புறம் எப்படிப் பணம் போகிறது? கணக்குப்பிள்ளைக்கு இது தூக்கத்தைக் கெடுக்கும் கேள்வி. காசு கட்டாமல் பழகும் பக்கம் ஒன்றில் மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, ஒவ்வொரு கையையும் நோட்டில் எழுதியபடி ஆடிப் பார்த்தேன்.

ஆட்டம் சுலபம். இலக்கு இருபத்தொன்று. ராஜா, ராணி, ஜாக்கி மூன்றுக்கும் பத்துப் புள்ளி. ஏஸுக்கு ஒன்று அல்லது பதினொன்று, எது சௌகரியமோ அது. உங்களுக்கு இரண்டு சீட்டு, டீலருக்கு இரண்டு. டீலரின் ஒரு சீட்டு மட்டும் கண்ணுக்குத் தெரியும். இன்னொன்று வாங்கலாம், போதும் என்று நிறுத்தலாம். இருபத்தொன்றைத் தாண்டினால் தோல்வி. டீலருக்கு யோசிக்கும் வேலையே இல்லை: பதினாறு வரை சீட்டு எடுத்தாக வேண்டும், பதினேழில் நிற்க வேண்டும்.

இரண்டு பக்கமும் ஒரே கட்டு, ஒரே இலக்கு. சமமான ஆட்டம்போலத்தானே தெரிகிறது? எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. ஒரு நூறு கை எழுதிய பிறகுதான் ஓட்டை கண்ணில் பட்டது. முதலில் ஆடுவது நாம். நாம் இருபத்தொன்றைத் தாண்டிய நொடியே பணம் போய்விடுகிறது. பிறகு டீலரும் தாண்டியிருப்பார் என்றாலும் அது திரும்பி வராது. டீலரைப் போலவே நாமும் பதினேழில் நிறுத்தி ஆடினால், இந்த ஒரு காரணத்தாலேயே போகப்போக நூற்றுக்கு ஐந்தரை ரூபாய் அளவுக்கு அவர்கள் பக்கம் சாய்கிறது.

தம்பி காட்டிய அட்டவணை இந்தச் சாய்மானத்தைக் குறைக்கும் கருவி. அமெரிக்க ராணுவத்தில் இருந்த நான்கு பேர் மேசைக் கணக்குப்பொறியைத் தட்டித் தட்டிக் கண்டுபிடித்து 1956இல் வெளியிட்டது. நல்ல விதிகள் உள்ள மேசையில், ஒரு பிழையும் இல்லாமல் அதன்படி ஆடினால் நஷ்டம் நூற்றுக்கு அரை ரூபாயாக இறங்கும். ஏறத்தாழ இரண்டு ரூபாய் என்பது சாதாரணமாக ஆடுபவரின் கணக்கு. இயற்கையாக இருபத்தொன்று விழுந்தால் நூறு ரூபாய்க்கு நூற்றைம்பது தரவேண்டிய இடத்தில் நூற்றிருபது மட்டும் தரும் மேசைகளும் உண்டு; அங்கே அரை ரூபாய், இரண்டு ரூபாயை நெருங்கிவிடும்.

எட்வர்ட் தார்ப் என்ற கணிதப் பேராசிரியர் 1962இல் புத்தகமே எழுதி, இறங்கிய சீட்டுகளை நினைவில் வைத்தால் சூதாட்ட விடுதியை வெல்லலாம் என்று காட்டினார். இறங்கிய சீட்டு கட்டுக்குத் திரும்பாத மேசைக்கு அது பொருந்தும். போனில் ஒவ்வொரு கைக்கும் மென்பொருள் புதிதாகக் கட்டைக் கலைக்கிறது. நினைவில் வைக்க அங்கே ஒன்றுமில்லை.

"நூற்றுக்கு ரெண்டு ரூபாதானுங்ளே, கந்து வட்டியை விடக் கம்மி" என்றார் தம்பி. இந்த ஊரில் கணக்கு எழுதுபவர்கள் சிரிக்கும் இடம் இது. நூல் கமிஷன் ஏஜென்ட் எங்கள் மூலதனத்தில் சதவீதம் எடுப்பதில்லை. பில் தொகையில் எடுக்கிறார். கம்பெனி லாபத்தில் ஓடினாலும் நஷ்டத்தில் ஓடினாலும், பில் ஏற ஏற அவருக்கு வரவு. பிளாக்ஜாக் நடத்துபவரும் கமிஷன் ஏஜென்ட்தான். அவர் குறி நம் சம்பளத்தின் மேல் இல்லை, அந்தச் சம்பளம் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதன் மேல்.

கணக்கை எழுதியே காட்டினேன். போனில் மணிக்கு இருநூறு கை தாராளமாக ஓடும், கைக்குப் பதினெட்டு நொடி. கைக்கு நூறு ரூபாய். ராத்திரி மூன்று மணி நேரம் வீதம் வாரத்துக்கு ஐந்து ராத்திரி ஆடினால் 3,000 கை. பந்தயத்தில் சுற்றிய தொகை 3 லட்சம். அதில் இரண்டு சதவீதம் 6,000 ரூபாய். ஒன்றரை ஷிப்ட் ஓடும் நல்ல வாரத்தில் ஒரு டெய்லர் எடுக்கும் சம்பளம் அது. அட்டவணையில் ஓர் இடம்கூடத் தவறாமல் ஆடியிருந்தாலும் 1,500 ரூபாய், ஒன்றரை நாள் கூலி. இது சராசரி. நடுவே இரண்டு ராத்திரி ஜெயிக்கவும் செய்வார். அந்த இரண்டு ராத்திரிதான் மற்ற மூன்றுக்கும் தூண்டில்.

ஆகவே 'திறமையா, அதிர்ஷ்டமா' என்று நம் நாட்டில் இத்தனை வருஷம் நடந்த வழக்கு, பாதிக் கேள்வி என்பது என் கருத்து. ரம்மி திறமை சார்ந்த ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1967இல் சொன்னது. அதே அடிப்படையில், தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டம் ரம்மிக்கும் போக்கருக்கும் விதித்த தடையை 2023 நவம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியது. திறமை உண்டென்றே வைத்துக்கொள்வோம். பிளாக்ஜாக்கில் திறமைசாலி மெதுவாகத் தோற்கிறார், அவ்வளவுதான். ரம்மியில் யார் ஜெயித்தாலும் நடத்துபவர் பந்தயப் பணத்தில் தன் பங்கை எடுத்துக்கொள்கிறார். எத்தனை சதவீதம், எவ்வளவு வேகம், ராத்திரி எத்தனை மணி வரை என்பதுதான் கேட்க வேண்டியது. நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை பண ஆட்டம் கூடாது என்று தமிழக அரசு 2025இல் கொண்டுவந்த விதி, நேரத்தைக் கணக்கில் எடுத்தது. அதே ஆண்டு ஜூனில் உயர் நீதிமன்றமும் அந்த விதியை ஏற்றது. ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதுவானாலும் தடை என்றது. அந்தத் தடையை நான் வரவேற்கிறேன்.

அந்த ஒப்புதல் கிடைத்து ஐந்தாம் நாள், அமெரிக்காவின் 50 சதவீத வரி நடைமுறைக்கு வந்தது. எங்கள் யூனிட்டில் ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்டாகச் சுருங்கியது. கூலி குறைந்து பொழுது மிஞ்சும்போதுதான் கை போனுக்குப் போகிறது. தடை வந்ததும் பெரிய இந்திய நிறுவனங்கள் கடையை மூடிய இடத்தில், எந்த நாட்டில் இருக்கிறதென்றே தெரியாத செயலிகள் வந்து உட்கார்ந்துவிட்டன. தம்பி பணம் போட்டது யாரோ ஒருவரின் யுபிஐ எண்ணுக்கு. ஜெயித்த 4,000 ரூபாயைக் கேட்டபோது பதிலே வரவில்லை. சட்டத்துக்கு வெளியே இருக்கும் மேசையில் அந்த அரை சதவீதக் கணக்குகூட எழுத்தில்தான்.

முதலாளிகளுக்கு ஒரு வேண்டுகோள்: புதன்கிழமை அட்வான்ஸ் கேட்டு வருபவரைத் திட்டி அனுப்பாமல் ஒரு தடவை உட்காரவைத்துப் பேசுங்கள். தொழிற்சங்கங்கள் கூலி ஒப்பந்தத்தோடு சேர்த்து இந்தக் கமிஷன் கணக்கையும் தொழிலாளருக்குச் சொல்லித்தரலாம். பணம் ஏமாந்தவர் 1930க்கும், ஆட்டத்தை விட முடியாமல் தவிப்பவர் 14416க்கும் கூச்சப்படாமல் போன் செய்யலாம்.

எங்கள் கேட் பக்கத்து நோட்டீஸ் போர்டில் அந்த இரண்டு எண்களையும் எழுதி வைத்திருக்கிறேன். அதன் கீழே: 3,000 கை, 3 லட்சம், 6,000 ரூபாய். படித்துவிட்டுப் போகிறவர்களுக்கு விளக்கம் தேவைப்படுவதில்லை. பனியன் கம்பெனியில் வேலை செய்பவருக்குக் கமிஷன் என்றால் என்னவென்று தெரியும்.