கேஷ் வரியின் நீளத்தைச் சொல்ல வேண்டியது கர்னலே

நுண்செயலியின் கேஷ் அமைப்பைப் பயன்பாட்டு நிரல்களுக்கு இயங்குதளத்தின் கர்னல் தெரிவிக்கலாமா என்ற விவாதம் பழையது. வேகம் வேண்டுவோர் ‘தெரிவிக்க வேண்டும்’ என்பர். வன்பொருளின் உள்விவரம் நிரலுக்குள் நுழையலாகாது என்போர் மறுப்பர். இவ்விரு வாதங்களையும்விடத் தெளிவான விடை 2016இல் ஒரு கைப்பேசிச் சில்லிலிருந்து கிடைத்தது.

சாம்சங்கின் எக்ஸினோஸ் 8890 சில்லில் பெரிய கோர்களும் சிறிய கோர்களும் கலந்திருந்தன. கேஷ் ஒரே தடவையில் கையாளும் துண்டான ‘வரி’, பெரியவற்றில் 128 பைட், சிறியவற்றில் 64. மோனோ என்னும் இயக்கச்சூழல், ஓடும்போதே இயந்திரக் கட்டளைகளை உருவாக்குவது. உருவாக்கியதும் கட்டளைக் கேஷிலுள்ள பழைய பிரதியை வரிவரியாக நீக்கியாக வேண்டும். வரியின் நீளத்தை அது நுண்செயலியிடமிருந்தே ஒருமுறை படித்துச் சேமித்துக்கொண்டது. பெரிய கோரில் படித்த 128ஐக் கொண்டு சிறிய கோரில் நீக்கியபோது, ஒன்றுவிட்டு ஒரு வரி நீங்காமல் தங்கிற்று. காரணம் புலப்படாமல் நிரல்கள் முறிந்தன.

வன்பொருள் பொய் சொல்லவில்லை. அதன் பதில் அந்தக் கோருக்கு மட்டுமே மெய். நிரலை எப்போது எந்தக் கோருக்கு மாற்றுவது என்று முடிவு செய்வது கர்னல். எனவே முழுமையான பதிலும் அதனிடமே உண்டு. லினக்ஸ் 4.9 முதல், கோர்களிடையே அளவு வேறுபட்டால், அப்பதிவகத்தைப் படிக்கும் முயற்சியைக் கர்னல் இடைமறித்து, எல்லாக் கோர்களுக்கும் பொருந்தும் மிகச் சிறிய அளவைத் தருகிறது.

பாதுகாப்பைக் காட்டி மறுப்பது வலுவற்றது. யாரோம், ஃபால்க்னர் இருவரும் 2014இல் விவரித்த ஃப்ளஷ்+ரீலோட் தாக்குதல், கர்னலிடம் அளவு கேட்டு நடப்பதன்று. நேரத்தை அளந்து நடப்பது. எக்ஸ்86இல் சிபியூஐடி கட்டளை எந்தச் சிறப்புரிமையும் இன்றி இவ்விவரங்களைத் தருகிறது. கர்னல் மட்டும் அவற்றை ஒளிப்பது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதாகும். மறைக்க வேண்டியது, அண்டை நிரலின் எந்தத் தரவு இக்கணம் கேஷில் உள்ளது என்ற நிலவரத்தை.

மூன்றாம் நிலைக் கேஷின் கொள்ளளவு சற்றே சிக்கலானது. லினக்ஸ் காட்டும் எண், பல கோர்கள் பகிரும் மொத்த அளவு. அது தனக்கே உரியதென எண்ணித் தரவைக் கூறுபோடும் நிரல் ஏமாறும். பகிரும் கோர்களின் பட்டியலும் அருகிலேயே உண்டு. அதையும் படிப்பது நிரலாளரின் கடன்.

சென்னை ஐஐடியின் சக்தி, சி-டாக்கின் வேகா ஆகியவை பின்பற்றும் ரிஸ்க்-வி கட்டமைப்பில் சிபியூஐடி போன்ற கட்டளை இல்லை. நிரல் கர்னலைத்தான் கேட்க வேண்டும். அதற்கான அழைப்பு 2023இல் லினக்ஸ் 6.4இல் இடம்பெற்றது. கேஷ் தொகுதி ஒன்றை முழுமையாகப் பூச்சியமாக்கும் கட்டளை அக்கட்டமைப்பின் நீட்டிப்பொன்றில் உள்ளது. அதற்குரிய தொகுதி நீளமும் பின்னர் அவ்வழைப்பில் சேர்ந்தது. அதைக் கேளாமல் 64 என ஊகித்து, 128 பைட் தொகுதியுள்ள சில்லில் அக்கட்டளையை இயக்கினால், அருகிலுள்ள தரவும் சேர்ந்தே அழியும்.